தெருவின் இரு பக்கங்கள்

1892 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகருக்குள் காலரா புகுந்தது. சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் மாண்டார்கள். எல்லையை ஒட்டியே இருந்த அல்டோனாவில் சாவு மிகக் குறைவு.

இரண்டு ஊர்களும் குடித்தது எல்பே ஆற்றுத் தண்ணீரைத்தான். பார்க்கப்போனால் அல்டோனாவின் பாடுதான் மோசம். ஹாம்பர்க்கின் சாக்கடையெல்லாம் கலந்த பிறகு, கீழே எடுத்த தண்ணீர் அது. ஆனால் அல்டோனா அதை மணல் படுகைகளில் விட்டு மெல்ல இறக்கியது. சில நாளில் மணலின் மேல் வழவழப்பாக ஒரு படலம் படியும். ஜெர்மன்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'அழுக்குப் போர்வை'. நுண்ணுயிர்கள் குடியிருக்கும் அந்த அழுக்குதான் கிருமிகளைத் தடுத்தது! மணலைச் சுரண்டிப் பளிச்சென்று வைத்தால், படலம் மீண்டும் வளரும்வரை வடிகட்டி சரிவர வேலை செய்யாது.

ஆய்வுக்கு வந்த நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோச் எல்லைத் தெரு ஒன்றைக் கவனித்தார். ஹாம்பர்க் பக்கத்து வீடுகளில் நோய், எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஹாம்பர்க் எல்லைக்குள் இருந்தும் அல்டோனா குழாய்நீர் பெற்ற ஒரு குடியிருப்பும் தப்பியிருந்தது.

ஹாம்பர்க்கின் குடிநீர்த் திட்டத்தை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லிண்ட்லி, மணல் வடிகட்டி வேண்டுமென்று எப்போதோ சொல்லியிருந்தார். செலவுக் கணக்குப் பார்த்தே ஆண்டுகள் ஓடின. 1893இல்தான் அங்கே வடிகட்டிய நீர் வந்தது.

அதே ஆண்டின் தொடக்கத்தில் கடுங்குளிர். அல்டோனாவின் மணல் படுகையில் உறைபனி ஏறி, வடிகட்டல் கெட்டது. காலரா அங்கும் தலைகாட்டியது.