சாம்களின் துறை

மலேயாவுக்குப் பொருள் தேடச் சென்ற நம் முன்னோர்க்குக் ‘கம்போங்’ என்றால் சிற்றூர். அச்சொல்லே கம்போடியாவின் கெமர் மொழியில் ஆற்றுத்துறையைக் குறிக்கும். மேகோங் நதிக்கரையிலுள்ள கம்போங் சாம் மாகாணத்தின் பெயருக்குச் ‘சாம்களின் துறை’ என்பது பொருள். யார் இந்தச் சாம்கள்?

இன்றைய வியட்நாமின் நடுக் கடற்கரையிலும் தென் கடற்கரையிலும் பல நூற்றாண்டுகள் விளங்கிய அரசு சம்பா. அதன் மக்களே சாம்கள். மலாய்க்கு உறவான மொழியினர். 1471இல் தலைநகர் விஜயா வியட்நாமியரிடம் வீழ்ந்தது. எஞ்சிய பாண்டுரங்கமும் 1832இல் மறைந்தது. நாடிழந்தோர் அலையலையாக மேற்கே வந்து மேகோங் கரையில் குடியேறினர். இஸ்லாத்தைத் தழுவிய இம்மக்களுள் பெரும்பாலோர், நம் காயல்பட்டினத்தாரையும் கீழக்கரையாரையும் போல ஷாபிஈ மத்ஹபினர்.

ஆறே அவர்களுக்கு வாழ்வளித்தது. மழைக்காலத்தில் மேகோங் பெருகிக் கரை கடக்கும். வடியும்போது வண்டலை விட்டுச் செல்லும். அவ்வண்டலில் சோளமும் புகையிலையும் விளைந்தன. தூண்கள்மேல் வீடமைத்து, மீன்பிடித்தும் பட்டு நெய்தும் வாழ்ந்தனர். கரையோரம் பள்ளிவாசல்கள் எழுந்தன.

1975 ஏப்ரலில் நாட்டைக் கைப்பற்றிய கெமர் ரூஜ் ஆட்சி, தொழுகையைத் தடுத்தது. சாம் மொழி பேசத் தடை விதித்தது. திருக்குர்ஆன் பிரதிகளைப் பறித்தது. அவ்வாண்டே கோ ஃபால் தீவினரும் ஸ்வாய் கிளியாங் ஊரினரும் வாளும் கத்தியும் ஏந்தி எதிர்த்து நின்றனர். துப்பாக்கியின் முன் அவை என் செய்யும்? எதிர்ப்பு நசுக்கப்பட்டது. பிழைத்தோர் ஆற்றங்கரையினின்று அகற்றப்பட்டுத் தொலைவூர்களில் சிதறடிக்கப்பட்டனர். விளைபலனைக் குறித்த ‘கோ ஃபால்’ என்னும் பெயரைச் ‘சாம்பல் தீவு’ எனப் பொருள்பட மாற்றினர்.

1979இல் அவ்வாட்சி வீழ்ந்தது. எஞ்சியோர் பலர் கரைக்குத் திரும்பிப் பள்ளிவாசல்களை மீண்டும் எழுப்பினர். 2013இன் இறுதியில் மாகாணம் பிரிக்கப்பட்டபோது அவ்விரண்டு ஊர்களும் திபோங் குமும் என்னும் புதிய மாகாணத்தில் சேர்ந்தன. 2018இல் ஐக்கிய நாடுகள் துணையுடன் இயங்கிய நீதிமன்றம், சாம்கள்மீது நடந்தது இனப்படுகொலை எனத் தீர்ப்பளித்தது.

ஒரு சமூகத்தை அழிக்க எண்ணுவோர் அதன் ஏட்டையும் மொழியையும் ஊர்ப்பெயரையும் குறிவைக்கின்றனர். அச்சமூகத்தைத் தாங்கி நிற்பவை அவையே என்பது பகைவனுக்கும் தெரிந்திருக்கிறது. சாம்களிடமிருந்து அவற்றைப் பிறர் பறித்தனர். நம் வீட்டுப் பெட்டகங்களில் உறங்கும் அரபுத் தமிழ் ஏடுகளை எவரும் பறிக்க வரவில்லை. அவற்றைச் செல்லரிக்க நாமே விடலாமா?