பாட்டன் பெயரும் பிரட்டுக்களமும்: ரிவர்ஸ்டன் மலைச்சாரலில் ஆண்மகவுக்குப் பெயரிடல்

மாத்தளை நகரிலிருந்து இறத்தோட்டை ஊடாக நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஏறும் பாதை, ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து இலுக்கும்புர, பல்லேகம முதலிய சிங்களக் கிராமங்களை நோக்கி இறங்குகின்றது. மாத்தளைப் பக்கச் சரிவில் தேயிலைத் தோட்டங்களும் லயன்களும் உள; அப்பாலோ வயலும் சேனையும் சார்ந்த பழைய குடியிருப்புகள். ஆங்கிலப் பெயரொன்றைத் தாங்கி நிற்கும் இம்மலையின் இருமருங்கிலும், பிறந்த ஆண்மகவுக்குப் பழம்பெயர் இடுவதா புதுப்பெயர் இடுவதா என்னும் வினா இன்று எழுகின்றது. அதனைத் தனிமனித விருப்பத்தின்பாற்பட்டதாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது என்பதே நமது கருத்து.

‘பேரன்’ என்னும் சொல்லே ‘பெயரன்’ என்பதன் திரிபாகும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். சோழ மன்னர் இராசகேசரி, பரகேசரி எனும் பட்டங்களை மாறிமாறிப் பூண்டமையால் பாட்டனின் பட்டம் பேரனுக்கு வாய்த்தது. பண்டைய ஏதென்சிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரிடுவதே பெருவழக்கு. எனவே பழம்பெயரிடல் என்பது தமிழ்க்குடும்பத்தின் பழைய விதியேயன்றிப் புதிய மோகமன்று. ஆனால், மருமகள் மாமனார் பெயரை வாயாற் சொல்லலாகாது என்பதும் அதே குடும்பத்தின் விதியன்றோ! ஆகையால் பாட்டன் பெயர் பெற்ற பிள்ளையைத் தாய் ‘ராசா’ என்றோ ‘சின்னவன்’ என்றோதான் அழைத்தாள்.

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பரவியபோது, தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் கொண்டுவந்த உடைமைகளுள் பெயரும் ஒன்று. கறுப்பன், முனியாண்டி, மாடசாமி, வீரன், சடையன், மாரிமுத்து ஆகியன பெருங்கோயில் தெய்வங்களின் பெயர்களல்ல. ஊரெல்லையிற் காவல் நின்ற தெய்வங்களையும் மழைதரும் அம்மனையும் சார்ந்தவை. மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கொண்டதையும் மாரிமுத்து என்னும் பெயர் தோட்டந்தோறும் வழங்கியதையும் வேறுபடுத்திப் பார்த்தல் இயலாது. குப்பன், பிச்சை என்பவற்றுக்கோ வேறொரு வரலாறு உண்டு. முன்பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தவிடத்து, இப்பிள்ளையேனும் தங்கட்டும் என்று குப்பையில் இட்டெடுத்தும் பிறரிடம் பிச்சையாகப் பெற்றதாகப் பாவித்தும் இட்ட பெயர்கள் அவை. குழந்தை இறப்பு மிகுந்த ஒரு காலத்தின் ஆவணமாகவே அவற்றை நாம் வாசித்தல் வேண்டும். ‘கறுப்பன்’ ஆவதும் ‘கறுப்பையா’ ஆவதும் பெரும்பாலும் சாதிப்படிநிலை தீர்மானித்த ஒன்று என்பதையும் இங்கு மறத்தலாகாது.

தோட்டத்தில் இப்பெயர்கள் புதியதொரு வாழ்வைப் பெற்றன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் குறியும் இலக்கமும் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் அணிந்தே தொழிலாளி இங்கு வந்து சேர்ந்தான். பின்னர் அவன் செக்ரோலில் ஒரு வரியானான். ஒரே பெயரினர் பலராயின் பெரிய கறுப்பன், சின்னக் கறுப்பன் என அடைமொழி இட்டனர். மருமகள் மரியாதை கருதி உச்சரிக்காத பெயரைக் கங்காணி நாள்தோறும் விடியலிற் பிரட்டுக்களத்தில் உரத்துக் கூவினான். பழம்பெயர் இளைய தலைமுறைக்குக் கசந்தமைக்குரிய காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் பெயர் ஒரு சான்றாகவும் மாறியது. 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் அளிக்கப்பட்டன; உரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. நீண்டகால வதிவை நிறுவுதற்குத் தோட்டப் பதிவுகளே ஏழைக்குத் துணை. எழுதுவினைஞன் தன் காதுக்குப்பட்டவாறு ஆங்கில எழுத்தில் பதிந்த பெயர் ஓரேட்டில் ஒருவாறும் மற்றோரேட்டில் வேறொருவாறும் இருப்பின், ஒரே மனிதன் இருவராகிவிடுவான். பாட்டனும் பேரனும் ஒரே பெயரினராயின் இருவர் ஒருவராகித் தோன்றுவதும் கூடும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்கப்படவேண்டியோராக விட்டது. பாட்டன் ஒரு நாட்டிலும் அவன் பெயர் தாங்கிய பேரன் பிறிதொரு நாட்டிலும் ஆகிய குடும்பங்கள் அக்காலத்தன.

இதற்கிடையில் பள்ளிக்கூடம், தொழிற்சங்கம், திரைப்படம், திராவிட இயக்கம் ஆகியன தோட்டங்களுக்குட் புகுந்தன. 1962 இல் தடைசெய்யப்பட்ட இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் மலையக இளைஞரிடையே வேரூன்றியிருந்தது. முனியாண்டியின் மகன் தன் மகனுக்குச் செல்வராஜ் என்றோ இளங்கோ என்றோ பெயரிட்டான். இதனை நாகரிக மோகம் என இகழ்வாருளர். நாம் அதற்கு உடன்படோம். கீழ்மைப்படுத்தி அழைப்பதற்கு வசதியான பெயரைத் தன் பிள்ளைக்கு மறுத்தமை ஓர் உரிமைச் செயலாகும். கணவாய்க்கு அப்பாலும் புஞ்சிபண்டா, உக்குபண்டா, கிரிபண்டா என்பன அவ்வாறே அருகின. ஒரே மலையின் இருபுறத்து உழைப்போரும் தத்தம் பாட்டன்மாரின் பெயர்களைக் கைவிட்டமை ஆய்வாளர் கருத்தை இன்னும் போதியளவு ஈர்க்கவில்லை. ஆயினும் இரு தரப்பினரின் நிலையும் ஒன்றன்று. 1977 இலும் 1983 இலும் தமிழ்ப்பெயர் ஒருவனை இனங்காட்டியது. அடையாளம் புலப்படாத பெயரைத் தேடிய பெற்றோரின் அச்சத்துக்குக் காரணமிருந்தது.

இன்று பழம்பெயர் மீண்டும் விரும்பப்படுகின்றது. ஆனால் எந்தப் பழமை? பாரி, ஆதித்தன், அருள்மொழி என அரசரும் வள்ளல்களும் தேடப்படுகின்றனர். அழகிய பெயர்களே, எனினும் மன்னார்ப் பாதையில் நடந்துவந்த எவரும் அருள்மொழி என அழைக்கப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அரண்மனையின் பழமை பெருமையாகவும் லயத்தின் பழமை வெட்கமாகவும் கொள்ளப்படுவதில் வர்க்கமும் சாதியும் இன்னும் தொழிற்படுகின்றன. மாரிமுத்து என்று ஒரு பிள்ளைக்கு இன்று பெயரிடுவது எளிதன்று; பள்ளியில் அவன் கேலிக்குள்ளாவான் எனத் தாய் அஞ்சுவது நியாயமே. இருப்பினும், ரிவர்ஸ்டன் சரிவில் தோட்டம் உண்டாக்கியோரின் பெயர்களுட் பல செக்ரோல் தாள்களில் மட்டுமே உள. அத்தாள்களையும் கறையான் அரிக்கின்றது. மாமனார் பெயர் சொல்லலாகாது என்ற விதியும் இன்று தளர்ந்துவிட்டது. அப்பெயரைப் பிள்ளைக்கு இட்டால், தாயே அதனை வாய்விட்டு அழைக்கலாம்.