படிகார முடிச்சு: தடுப்பூசித் துணையூக்கியின் வரலாற்றில் ஒரு பக்கம்

தொண்டை அடைப்பான் நோய்க்குரிய நச்சுமுறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரையின் குருதியிலிருந்தே பெறப்பட்டது. கிருமியின் நச்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஊசிவழி செலுத்துவர்; அதன் உடல் ஆக்கிய எதிர்ப்பொருளைக் குருதியினின்று பிரித்தெடுப்பர். பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் இப்பணியாற்றிய கால்நடை மருத்துவர் காஸ்தோன் ரமோன், விந்தையொன்றைக் கண்டார். ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கட்டி எழுந்த குதிரைகளே மிகுதியான நச்சுமுறியைத் தந்தன. அவர் கட்டியை வெறுங்கேடென்று ஒதுக்கவில்லை. அத்தகைய அழற்சியை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார். நம் வீடுகளில் பலகாரத்துக்கு உதவும் மரவள்ளி மாவும் அவர் கலந்து பார்த்த பொருள்களுள் ஒன்று. பயன் கைகூடியது. 1925இல் வெளியான இச்செய்தியே துணையூக்கி ஆய்வின் தோற்றுவாய்.

மறு ஆண்டே இலண்டன் வெல்கம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் கிளென்னி, நஞ்சு முறிக்கப்பட்ட நச்சைப் படிகாரத்தால் வீழ்படிவாக்கிக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினார். எதிர்ப்பாற்றல் பெரிதும் உயர்ந்தது. காரணம் யாது? 1931இல் அவர் குழுவினர், ஊசியிட்ட இடத்தில் திரண்ட முடிச்சைச் சில வாரங்கள் கழித்து அறுத்தெடுத்து, அரைத்து, வேறு கினிப்பன்றிகளுக்குச் செலுத்தினர். அவையும் எதிர்ப்பாற்றல் பெற்றன. ஆகவே படிகாரம் ஒரு களஞ்சியம், நச்சு அதிலிருந்து மெல்லக் கசிகிறது என்று விளக்கினர். பாடநூல்கள் நெடுங்காலம் அதையே ஓதின.

மாணவர்கள் இங்குச் சற்று நிற்க வேண்டும். முடிச்சில் நச்சு எஞ்சியிருந்தது என்பதே அச்சோதனை மெய்ப்பித்தது. எஞ்சியதனால்தான் ஆற்றல் பெருகியது என்பதை அது மெய்ப்பிக்கவில்லை.

பின்னர் ஜூல்ஸ் பிராயிண்டு, எண்ணெயில் இறந்த காசநோய்க் கிருமிகளைக் கலந்து மிகக் கடுமையான துணையூக்கியொன்றை ஆக்கினார். விலங்குகளின் தசை புண்ணாகும் அளவுக்கு அது கொடியது, மனிதருக்கு ஆகாதது. கிருமியை நீக்கி எண்ணெயை மட்டும் தந்தால் எதிர்ப்பொருள் தோன்றியது; உயிரணு வழிப்பட்ட எதிர்வினையோ நலிந்தது. தேக்கிவைத்தல் ஒன்றே துணையூக்கியின் தொழிலாயின், இவ்வேறுபாடு எழ வேண்டியதில்லை. அயற்பொருளைக் கண்டதும் உடல் விழிப்பதில்லை, கிருமியின் அடையாளத்தையும் அது தேடுகிறது என்று 1989இல் சார்ல்ஸ் ஜேன்வே வாதிட்டார். துணையூக்கி அவ்வடையாளமாக நடிக்கிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

படிகாரத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஊசியிட்ட இரண்டே மணி நேரத்தில் சுண்டெலிகளின் உடலிலிருந்து படிகாரத் தேக்கம் அறுத்து அகற்றப்பட்டது. எதிர்ப்பாற்றல் குன்றவில்லை.