வாகன பேட்டரி: சோதனையும் மாற்றமும்

இஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் தருவது ஈய-அமில பேட்டரி. இதன் மூல வடிவத்தை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலர் காஸ்தோன் பிளாந்தே அமைத்தார். ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்திய அந்தக் கலம், திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் மின்கலம். ஆனால் பலமுறை ஏற்றி இறக்கிய பிறகே தகடு பக்குவப்பட்டது. 1881-இல் கமிய் ஃபோர் ஈய ஆக்சைடைப் பசையாகக் குழைத்துத் தகட்டில் பூசி அந்தத் தாமதத்தைப் போக்கினார். 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் கடிலாக் காரில் இடம்பெற்றதும் பேட்டரிக்குக் காரில் நிலையான இடம் கிடைத்தது. ஃபோரின் பசைதான் இன்றும் பேட்டரியின் உயிர். அது உதிர்ந்தாலோ இறுகினாலோ பேட்டரியின் ஆயுள் முடிகிறது.

செல்ஃப் எடுக்காதபோது பேட்டரி செத்துவிட்டதா, வெறுமனே இறங்கியிருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. இரண்டிலும் தகட்டில் படிவது ஈய சல்பேட்டே. புதிதாகப் படிந்தது மின்னேற்றினால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டால் கெட்டிப்பட்டுத் தங்கிவிடும். ஆகவே சோதிக்காமல் மாற்றுவது பிழை. வோல்ட்மீட்டர் மட்டும் போதாது. ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு ஏற்றம், 12.0 என்றால் ஏறத்தாழக் காலி. தாங்கும் திறனை இந்த எண் சொல்லாது. முழுதாக ஏற்றி, குளிர்நிலைக் கிளப்பு ஆம்பியரில் (CCA, குளிரில் இஞ்சினைக் கிளப்ப பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம்) பாதியை 15 வினாடி இழுத்துப் பார்க்க வேண்டும். சுமார் 21 டிகிரி செல்சியஸில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நடுவழியில் நிற்பதைவிட, ஆண்டுக்கணக்கு வைத்து மாற்றுவதே மேல் என்பார்கள். ஆம்புலன்சுக்கு அது சரி. உள்ளிணைப்பு திடீரென அறுவதை எந்தச் சோதனையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெட்டி உப்பியிருந்தாலும் வெடித்திருந்தாலும் சோதனைக்கே வேலையில்லை. மற்றபடி வயது ஓர் ஐயம்தான், சான்று அல்ல. வண்டி ஓடும்போது பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டித் தராவிட்டாலோ, நிறுத்திய வண்டியில் எங்கோ மின்சாரம் கசிந்தாலோ, புது பேட்டரியும் அதே கதிக்குத்தான் வரும். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் லாரியில் மட்டும், ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்றுவதே முறை. பழையதும் புதியதும் சேர்ந்தால் ஏற்றம் சமமாகப் பிரியாது.

மின்சாரக் கார்களை ஓட்டுவது லித்தியம் அயனித் தொகுப்பு. அவற்றில் பலவற்றிலும் விளக்கு, பூட்டு முதலியவற்றுக்கு 12 வோல்ட் பேட்டரி தனியே உண்டு.