கைபடும் கோப்பும் கைபடாக் கோப்பும்: சக்தி செயலியின் வன்பொருள் விவரிப்புகளை முன்வைத்து

வன்பொருளை விவரிக்கும் கோப்பைப் பொறியாளரும் படிக்கிறார், கருவியும் படிக்கிறது. இரு தரப்புக்கும் ஒரே கோப்பு எளிதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்பது என் வாதம். எந்தக் கோப்பில் மனிதக் கை படும், எதில் படாது என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். அதன்பின் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மனிதர் வைத்த பெயர்கள் கருவியின் கோப்பு வரை அழியாமல் போய்ச் சேருகின்றனவா?

இதைச் சோதிக்கக் கிண்டியை ஒட்டியே நல்ல சான்று இருக்கிறது. சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் 2014 வாக்கில் உருவெடுத்த சக்தி செயலித் திட்டம், தன் வடிவமைப்புகளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. தாம்பரம், வண்டலூர் பக்கத்துப் பொறியியல் மாணவர் ஒருவர் அவற்றை இறக்கி, எஃப்பிஜிஏ பலகையில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் ஆய்வகத்தில் அவர் பழகியது வெரிலாக். சக்தி எழுதப்பட்டிருப்பதோ புளூஸ்பெக் மொழியில். வன்பொருளின் நடத்தையை விதிகளாக எழுதினால், தொகுப்பான் அதை வெரிலாக்காக மாற்றித் தரும்.

அந்தத் தொகுப்பான் 2020 ஜனவரியில்தான் திறந்த மூலமானது. அதுவரை உரிமம் இல்லாதவர் சக்தியின் மூலத்தைப் படிக்கலாம், தொகுக்க முடியாது. அப்படிப்பட்டவர் கைக்கு எட்டக்கூடியது யாரோ தொகுத்துக் கொடுத்த வெரிலாக் மட்டுமே. கருவிக்காகப் பிறந்த கோப்பை மனிதர் படிக்க வேண்டிய கட்டாயம்!

அந்த வெரிலாக்கை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. மூலத்தில் ஒரு விதிக்கு 'டீகோட்' என்று பெயர் இருந்தால், உருவான கோப்பில் 'கேன் ஃபயர்', 'வில் ஃபயர்' என்ற முன்னொட்டுகளோடு இரண்டு சிக்னல்கள் அதே பெயரைத் தாங்கி நிற்கும். விதி இயங்கத் தகுதி பெற்றதை முதலாவது சொல்லும். அந்தச் சுழற்சியில் அது உண்மையில் இயங்குவதை இரண்டாவது சொல்லும். அலைவடிவத்தில் முதல் சிக்னல் உயர்ந்து இரண்டாவது தாழ்ந்தே கிடந்தால், வேறொரு விதி குறுக்கே நிற்கிறது என்று மூலத்தைத் திறக்காமலே ஊகிக்கலாம். பதிவகங்களின் பெயர்களும் அப்படியே வந்து சேர்கின்றன. இடைக்கணக்குகள் விஷயம் வேறு. நிபந்தனையின் உறுப்புகளையெல்லாம் அடிக்கோடுகளால் கோத்து, கடைசியில் ஒரு 'டி'யும் எண்ணும் ஒட்டித் தொகுப்பானே பெயர் வைக்கிறது. மூலத்தில் சிறிது மாற்றினாலும் அந்த எண்கள் மாறிப்போகலாம். பழைய வெரிலாக்கையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு வீண் வேலைதான் மிஞ்சும்.

இனி யாமல் கோப்புகள். சக்தி குழுவிலிருந்து கிளைத்த இன்கோர் செமிகண்டக்டர்ஸ் உருவாக்கிய 'ரிஸ்க்-வி கான்ஃபிக்' கருவி, ஒரு செயலி எந்தெந்தக் கட்டளைத் தொகுதிகளை ஏற்கிறது என்பதை யாமலில் எழுதச் சொல்கிறது. எழுதியதைச் சரிபார்த்து, விடுபட்ட இடங்களில் இயல்பு மதிப்புகளை நிரப்பி, 'செக்டு' என்ற ஒட்டுடன் இன்னொரு கோப்பைத் தருகிறது. நான் சொன்ன பிரிவினை இங்கே கண்கூடு: சுருக்கமானது மனிதர் எழுதுவது, முழுமையானது கருவி படிப்பது.

ஆனாலும் விரிசல் உண்டு. 'மிசா' பதிவகத்தின் தொடக்க மதிப்பில் தொகுதிகளைக் குறிக்கும் பகுதி, பதினறும எண்ணாக 141105 என்று இருக்கட்டும். அதை அவிழ்த்தால் 0, 2, 8, 12, 18, 20 ஆகிய பிட்கள் கிடைக்கும். அவை ஏ, சி, ஐ, எம், எஸ், யு எழுத்துகளுக்குரியவை. இதே செய்தி அதே கோப்பில் எழுத்துச் சரமாகவும் இருக்கிறது. ஒரே விஷயத்தை இருமுறை எழுதுவது குற்றம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. எழுத்துச் சரம் மனிதருக்கு. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது நிரலின் வேலை. என் குறை வேறு இடத்தில். ஒரு பதிவகம் ஏற்கும் மதிப்புகளைச் சொல்ல, யாமல் சரத்துக்குள்ளேயே 'பிட்மாஸ்க்' போன்ற சொற்களோடு தனி இலக்கணம் ஒன்று நுழைந்துவிட்டது. பொதுவான யாமல் கருவிக்கு அது வெறும் எழுத்துக்கோவை.

லினக்ஸுக்கு வன்பொருளை அறிமுகப்படுத்தும் டிவைஸ் ட்ரீயில் நிலைமை இன்னும் மோசம். 'ரெக்' பண்பில் வரிசையாக நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு முகவரி, பின்னிரண்டு அளவு என்று அங்கே எழுதியிருக்காது. அதை அறியத் தாய்க் கணுவுக்குப் போக வேண்டும். தொகுத்த இருமக் கோப்பை மீண்டும் உரையாக்கினால் குறிப்புரைகள் போயிருக்கும், மேக்ரோ பெயர்கள் எண்களாகியிருக்கும். ஒப்பிட்டால் புளூஸ்பெக்கின் நீளப் பெயர்கள் எவ்வளவோ மேல்.

பெயர்களைக் காப்பாற்றினால் கோப்பு பெருக்கும், கருவிக்கு அது சுமை என்பது எதிர்வாதம். சில்லு வார்ப்பாலைக்குப் போகும் கட்டத்தில் அது சரி. அங்கே விதியின் பெயர் யாருக்கும் வேண்டாம். அதற்கு முந்தைய கட்டங்களில், பிழை தேடும் வேலை முடியும்வரை, அந்தச் சுமையைக் கருவிதான் சுமக்க வேண்டும்.