டாப் 2000: நெதர்லாந்தில் பழைய பாடல்களுக்கு நடக்கும் தேர்தல்

டாப் 2000 என்பது நெதர்லாந்து நாட்டின் பொது வானொலி நிலையங்களுள் ஒன்றான ரேடியோ 2, ஆண்டுதோறும் நேயர்களின் வாக்குகளைப் பெற்றுத் தொகுத்து ஒலிபரப்பும் பாடல் பட்டியல் ஆகும். இது 1999-ஆம் ஆண்டு தொடங்கியது. எந்த ஆண்டில் வெளிவந்த பாடலுக்கும் வாக்களிக்கலாம் என்பதே இதன் விதி. எனினும் வாக்குகள் பெரும்பாலும் பழைய பாப், ராக் பாடல்களுக்கே விழுகின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் 2000-ஆவது பாடலுடன் தொடங்கும் ஒலிபரப்பு, டிசம்பர் 31 நள்ளிரவுக்குச் சற்று முன்பு முதலாவது பாடலுடன் முடிகிறது.

இரண்டாயிரம் பாடல்கள் என்றால் எவ்வளவு நேரம் என்று மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாடலுக்குச் சராசரியாக 4 நிமிடம் என்று கொண்டால் 8000 நிமிடங்கள், அதாவது 133 மணி நேரத்துக்கும் மேல். இடையிடையே செய்தியும் அறிவிப்பாளர் பேச்சும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு வாரம். இரவு பகல் இடைவிடாமல் ஓடும் இந்த ஒரு வாரத்தில், நாட்டு மக்களில் பாதிப்பேருக்கு மேல் ஏதாவது ஒரு நேரத்தில் இதைக் கேட்டுவிடுகிறார்கள்.

பின்னணி

பாடல்களுக்கு வரிசை எண் கொடுக்கும் பழக்கம் நெதர்லாந்தில் கடலில் பிறந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கும். 1960-களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பொது வானொலியில் இளைஞர்களுக்கான பாப் இசைக்கு மிகக் குறைந்த இடமே இருந்தது. அந்தக் குறையைப் பயன்படுத்திக்கொண்டது வெரோனிகா என்னும் தனியார் வானொலி. அரசின் உரிமம் இல்லாததால், நாட்டின் சட்ட எல்லைக்கு அப்பால் கப்பலை நங்கூரமிட்டு, 1960 முதல் அதிலிருந்து ஒலிபரப்பியது. 1965 ஜனவரி 2 அன்று 'டாப் 40' என்ற வாராந்தரப் பட்டியலை இந்நிலையம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பொது வானொலியும் பாப் இசைக்கென ஹில்வர்சும் 3 என்ற தனி அலைவரிசையைத் திறக்க வேண்டியதாயிற்று. புதிய சட்டத்தால் வெரோனிகாவின் கடல் ஒலிபரப்பு 1974 ஆகஸ்ட் 31 அன்று நின்றது. ஆனால் பட்டியல் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை அதற்குள் உருவாகிவிட்டது.

விற்பனைப் பட்டியல் வேறு, வாக்குப் பட்டியல் வேறு என்பதை இங்கே சொல்ல வேண்டும். அக்கால டாப் 40 போன்றவை இசைத்தட்டு விற்பனையைக் கொண்டு, அந்த வாரம் மக்கள் எதை வாங்கினார்கள் என்று காட்டியவை. நமக்குப் பழக்கமான நேயர் விருப்பம் மூன்றாவது வகை. அதில் கடிதம் போட்டவரின் பாடல் ஒலிக்கும், ஆனால் யாரும் எண்ணிக்கை கூட்டுவதில்லை. இலங்கை வானொலியிலிருந்து 1952-இல் தொடங்கி அமீன் சயானி நடத்திய புகழ்பெற்ற இந்திப் பாடல் நிகழ்ச்சியான பினாகா கீத்மாலா இவற்றைக் கலந்து பார்த்தது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கோடு நேயர் மன்றங்களின் தேர்வையும் சேர்த்தே அது வரிசை போட்டது. நேயர் கடிதங்களை மட்டும் நம்பினால் ஒருவரே கட்டுக்கட்டாக அனுப்பிவிடலாம் அல்லவா?

வாக்கு மட்டுமே கொண்ட பட்டியலில் விற்பனைக் கணக்குக்குத் தெரியாத பாடல்கள் மேலே வரும். லெட் செப்பெலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்' (1971) பிரிட்டனில் அக்காலத்தில் தனி இசைத்தட்டாக விற்பனைக்கு வரவே இல்லை. எனவே அங்கே விற்பனைப் பட்டியலில் இடம்பெற அதற்கு வழியில்லை. வாக்கெடுப்புகளிலோ அது பல நாடுகளில் முதல் வரிசைப் பாடல்.

தொடக்கம்

1999-இல் ரேடியோ 2 இதை ஒரே ஒரு முறை நடத்தவே திட்டமிட்டது. நூற்றாண்டு முடிகிறது, எல்லாக் காலத்திற்கும் சிறந்த 2000 பாடல்களை நேயர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்பதே நோக்கம். வரவேற்பு எதிர்பாராத அளவில் இருந்ததால் அடுத்த ஆண்டும் நடத்தினார்கள். பிறகு நிறுத்த முடியவில்லை. இப்போது டிசம்பர் தொடக்கத்தில் இணையம் வழியே வாக்களிப்பு நடக்கிறது. ஒருவர் தமக்குப் பிடித்த பல பாடல்களைக் குறிப்பிடலாம். ஏன் பிடிக்கும் என்று எழுதியும் அனுப்பலாம். தந்தையின் இறுதிச் சடங்கில் ஒலித்த பாடல், திருமணத்தன்று ஆடிய பாடல் என்று வரும் அந்தக் குறிப்புகளை அறிவிப்பாளர்கள் ஒலிபரப்பின்போது வாசிக்கிறார்கள். என் கருத்தில் நிகழ்ச்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஹில்வர்சும் நகரிலுள்ள ஒலி-ஒளி ஆவணக் காப்பகத்தில் இதற்கெனப் பல ஆண்டுகள் ஒரு சிற்றுண்டிச் சாலையே அமைக்கப்பட்டது. நேயர்கள் அங்கே வரிசையில் நின்று உள்ளே சென்று ஒலிபரப்பை நேரில் பார்த்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. முழுப் பட்டியலும் ஒலிபரப்புக்கு முன்னதாகவே வெளியிடப்பட்டுவிடுகிறது. முதலிடம் எது என்று அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் நள்ளிரவு வரை காத்திருந்து கேட்கிறார்கள். கதை தெரிந்த தெருக்கூத்தை விடிய விடியப் பார்ப்பவர்களுக்கு இது புரியாத செய்தியல்ல.

முதலிடங்கள்

1999 முதல் 2023 வரையிலான 25 பட்டியல்களில் 20 முறை முதலிடம் பெற்றது ஒரே பாடல்: பிரிட்டனின் குயின் குழு 1975-இல் வெளியிட்ட 'பொஹீமியன் ராப்சோடி'. இதை எழுதிப் பாடிய ஃபிரெடி மெர்க்குரி சான்சிபாரில் பார்சி குடும்பத்தில் பிறந்து, மகாராட்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளிக் கல்வி பெற்றவர். ஏறத்தாழ 6 நிமிடம் நீளும் இப்பாடலில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. வானொலிக்கு ஒவ்வாது என்று அன்று கருதப்பட்ட அமைப்பு அது. அந்தப் பாடல்தான் வானொலி வாக்கெடுப்பின் அசைக்க முடியாத வெற்றியாளர் ஆயிற்று.

எஞ்சிய 5 ஆண்டுகள்தாம் வரலாற்று மாணவருக்குச் சுவையானவை. 2005-இல் டச்சு மொழிப் பாடகர் பவ்தவைன் த க்ரோட் பாடிய, 'மாலை' என்று பொருள்படும் 'ஆவொண்ட்' முதலிடம் பெற்றது. 2010-இலும் 2014-இலும் அமெரிக்காவின் ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா'.

2015-இல் நடந்தது வேறு வகை. அவ்வாண்டு நவம்பர் 13 அன்று பாரிஸ் நகரில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. ஓர் இசை அரங்கில் பாட்டுக் கேட்கச் சென்றவர்களும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அந்த அரங்கின் அருகே ஒருவர் தெருவில் பியானோ வைத்து ஜான் லெனனின் 'இமாஜின்' பாடலை வாசித்த காட்சி உலகெங்கும் பரவியது. வாக்களிப்பு நெருங்கும் வேளையில், இவ்வாண்டு முதலிடம் இப்பாடலுக்கே என்று நெதர்லாந்தில் சமூக ஊடகங்கள் வழியே வேண்டுகோள் எழுந்தது. மக்கள் அப்படியே செய்தார்கள். 1971-இல் வந்த பாடலுக்கு 2015-இல் விழுந்த வாக்கு, பாடலின் தரத்துக்கு மட்டும் விழுந்த வாக்கு அல்ல. அடுத்த ஆண்டு 'பொஹீமியன் ராப்சோடி' மீண்டும் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

2020-இல், பெருந்தொற்றின் நடுவே, உள்நாட்டுப் பாடகர் டேனி வெராவின் 'ரோலர் கோஸ்டர்' முதலிடம் பெற்றது. அது வெளிவந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. ஆனால் அதன் இசையமைப்பு ஐம்பது, அறுபதுகளை நினைவூட்டுவது. புதிய பாடல் வென்றபோதும் பழைய உடையில்தான் வென்றது.

தேங்கும் பட்டியல்

எல்லாக் காலப் பாடல்களுக்கும் வாக்களிக்கச் செய்தால் பட்டியல் தேங்கிவிடும் என்பதை மற்ற நாட்டு வானொலிகள் முன்பே கண்டுகொண்டன. பிரிட்டனில் பிபிசி ரேடியோ 1-இன் ஜான் பீல் 1976-இல் தம் நேயர்களிடம் இவ்வாறு வாக்குக் கேட்டு 50 பாடல்களை ஒலிபரப்பினார். அப்போது முதலிடம் 'ஸ்டேர்வே டு ஹெவன்'. இரண்டே ஆண்டில், 1978-இல், பங்க் இசை அதைக் கவிழ்த்து செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை முதலிடத்தில் அமர்த்தியது. பிறகு அந்தப் புதிய வரிசையும் உறைந்துபோனது. சலித்துப்போன பீல், அந்தந்த ஆண்டின் பாடல்களுக்கே வாக்கு என்று விதியை மாற்றினார். ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி 1989-இல் தொடங்கிய 'ஹாட்டஸ்ட் 100' வாக்கெடுப்பும் இதே வழியில் சென்றது. முதல் இரண்டு முறையும் ஜாய் டிவிஷன் குழுவின் ஒரே பாடல் வென்றது. 1992-இல் வாக்கெடுப்பே நடக்கவில்லை. 1993 முதல் அவ்வாண்டுப் பாடல்கள் மட்டும் என்றாயிற்று.

நெதர்லாந்து மட்டும் விதியை மாற்றவில்லை. தேக்கத்தையே விழாவாக்கிக் கொண்டது. இதில் இழப்பும் உண்டு, இலாபமும் உண்டு. புதிய பாடகர் ஒருவர் இப்பட்டியலில் மேலேறுவது மலையேற்றம். ஆனால் ஆண்டுதோறும் அதே கேள்வியை அதே மக்களிடம் கேட்டதால், ஒரு சமுதாயத்தின் நினைவு மெல்ல நகர்வதை அளக்கும் கருவி ஒன்று கிடைத்திருக்கிறது. விதியை மாற்றிய வானொலிகளிடம் அது இல்லை.

யாருடைய நினைவு?

வகுப்பில் மாணவர் தலைவர் தேர்தல் நடத்தியவர்கள் அறிவார்கள்: கை தூக்கியவர்களைத்தான் எண்ண முடியும். டாப் 2000 மீது எழும் குறை இதுவே. மேற்சொன்ன 25 ஆண்டுகளில் முதலிடம் பெற்ற ஐந்து பாடல்களையும் பாடியவர்கள் ஆண்களே. பட்டியல் முழுவதிலும் பெண் பாடகர்கள் குறைவு என்ற விமர்சனம் தொடர்ந்து எழுகிறது. 2009-இல் டிரிபிள் ஜே எல்லாக் காலப் பாடல்களுக்கும் மீண்டும் ஒருமுறை வாக்கெடுப்பு நடத்தியபோதும் இதே விமர்சனம் வந்தது. யாரும் சதி செய்யவில்லை. அன்றைய வானொலி எதை அதிகம் ஒலிக்கவிட்டதோ அதுவே நினைவில் தங்கியது. நினைவில் தங்கியதே வாக்காக வந்தது.

வயதும் ஒரு காரணம். அமெரிக்க ஆய்வாளர்கள் மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர்கள் தம் 24 வயதை ஒட்டிய காலத்தில் புகழ்பெற்ற பாடல்களையே பின்னாளிலும் அதிகம் விரும்புகிறார்கள் என்று காட்டியது. 'பொஹீமியன் ராப்சோடி' வந்தபோது 24 வயதாக இருந்தவருக்கு 2024-இல் 73 வயது. வெரோனிகாவின் கப்பல் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தவர்களும் ஏறத்தாழ அதே தலைமுறையினர். முதற்பட்டியல்களில் நிறைந்திருந்த 1960-களின் பாடல்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. அவற்றைப் பின்னுக்குத் தள்ளும் பாடல்கள் எப்போதும் அவற்றைவிடச் சிறந்தவை என்பதற்கில்லை. அவற்றுக்கு வாக்களித்தவர்கள் குறைந்து வருகிறார்கள்.