கடைத்தெருவில் கற்ற ஆங்கிலம்

'கொல்லம் கண்டவனுக்கு இல்லம் வேண்டா. கொச்சி கண்டவனுக்கு அச்சி வேண்டா' என்பது மலையாள நாட்டுப் பழமொழி. கொல்லத்தின் செழிப்பைக் கண்டவன் வீட்டை மறப்பான்; கொச்சியைக் கண்டவன் மனைவியையே மறப்பான் என்பது அதன் பொருள். அவ்வாறு பிற நாட்டாரை ஈர்த்த கொச்சியின் கடைவீதி மட்டாஞ்சேரி. மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் அத்தெருக்களில் மலையாளிகளோடு தமிழரும் கொங்கணியரும் குஜராத்தியரும் யூதரும் பல தலைமுறைகளாகக் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. கடையில் அனைவருக்கும் ஒரே சரக்கு. இவர்கள் எம்மொழியில் விலை பேசினர்? பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர் நினைத்துப் பார்க்கத் தக்க வினா இது.

முதலில், சொல்லே இல்லாத ஒரு மொழி இருந்தது. வர்த்தேமா என்னும் இத்தாலியர் கோழிக்கோட்டு வணிகரைப் பற்றி எழுதிய பயண நூல் 1510ஆம் ஆண்டில் ரோமில் அச்சாயிற்று. தரகர் ஒரு துணியை விரித்து, அதன் மறைவில் விற்போனுடைய விரல்களையும் வாங்குவோனுடைய விரல்களையும் தொட்டுத் தொட்டு விலையை முடிப்பதை அவர் அதில் வருணிக்கின்றார். நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் மேல்துண்டின் மறைவில் விரல் பிடிப்போரைக் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. விரலுக்கு இலக்கணப் பிழை இல்லை. ஆனால் விரலால் விலையைச் சொல்லலாமே அன்றித் தவணையையும் பொறுப்பையும் நிபந்தனையையும் சொல்லுதல் இயலாது. அதற்குச் சொல் வேண்டும்.

1498ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமாவின் ஆள் கோழிக்கோட்டில் கரையேறியபோது, அவனோடு உரையாட வல்லவராய் வாய்த்தவர்கள் ஸ்பானிய மொழி அறிந்த தூனிசு நாட்டவர் இருவரே. ஐந்தாண்டுகளில் நிலை மாறியது. 1503இல் கொச்சியில் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினர். அவர்கள் மொழி கடற்கரையெங்கும் பரவியது. பள்ளிக்கூடம் வைத்து யாரும் அதைப் பரப்பவில்லை. துறையிலும் பண்டகசாலையிலும் தேவைப்பட்ட சொற்கள் காதுவழியே புகுந்து நாவில் தங்கின. சாவி, மேசை, அலமாரி, ஜன்னல், பீப்பாய், மேஸ்திரி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் அவ்வாறு வந்தவையே. 'ஏலம் போடுதல்' என்கிறோமே, அந்த ஏலமும் போர்ச்சுகீசியச் சொல்லே. நம் சொற்களும் எதிர்த்திசையில் கப்பலேறின. கயிறும் கொப்பரையும் ஐரோப்பிய மொழிகளில் இன்றும் சற்றே உருமாறி வழங்குகின்றன.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். நம்மவர் அவர் மொழியைக் காதால் கற்றனர். அவர்களோ நம் மொழியை ஏட்டால் கற்றனர். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சாயிற்று. மறு ஆண்டே கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679இல், கொச்சிக்கு வடக்கேயுள்ள அம்பழக்காட்டில் அச்சிடப்பட்டது. அதில் 16,000க்கும் மேற்பட்ட தமிழ்ச் சொற்களுக்குப் பொருள் கூறப்பட்டுள்ளது. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சியிருந்த படியைக் கொண்டு தனிநாயக அடிகள் 1966இல் அதனை மீண்டும் வெளியிட்டார். சமயத் தொண்டிற்காகச் செய்த பணிதான் எனினும், அயல்மொழியைக் கற்க முனைவோர் சொல்லைப் பொருளோடு எழுதி வைக்க வேண்டும் என்ற பாடம் அதில் உண்டு.

1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். கொடி மாறியது, கடைத்தெரு மொழி மாறவில்லை. டச்சுக்காரரும் உள்நாட்டாரோடு பேசப் போர்ச்சுகீசிய மொழியையே நம்பியிருந்தனர். அம்மொழியின் கலப்பு வடிவம் கொச்சியில் எவ்வளவு காலம் நின்றது எனில், அதனைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரென அறியப்பட்ட வில்லியம் ரொசாரியோ வைப்பினில் காலமானது 2010ஆம் ஆண்டில்தான்.

இருவேறு மொழியினர்க்கு இடையில் நின்றவர் துபாஷி. இரு மொழி அறிந்தவர் என்பது அச்சொல்லின் பொருள். நேர்மையான இடையாள் எத்தகைய பணி ஆற்றலாம் என்பதற்குக் கொச்சியிலேயே சான்றுண்டு. டச்சு ஆளுநர் வான் ரீடே மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிய 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் பெருநூலைத் தொகுத்தார். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக அது ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் மலையாளத்தில் சொன்னவற்றைக் கொச்சியில் பிறந்த மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கர்னெய்ரோ போர்ச்சுகீசிய மொழியில் பெயர்த்தார். அங்கிருந்து அது இலத்தீனுக்குச் சென்றது. மொழிபெயர்ப்பாளரும் வைத்தியரும் கொங்கணப் பண்டிதர் மூவரும் 1675இல் அளித்த சான்றுரைகள் நூலின் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளன. சொன்னவர் யார், பெயர்த்தவர் யார் என்பதை மறைக்காத பண்பு போற்றுதற்குரியது.

ஆனால் வாணிபத்தில் எல்லா இடையாளும் கர்னெய்ரோ ஆகார். புதுச்சேரியில் டூப்ளே துரையின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர், இரு மொழி அறிந்தவர் கையில் எவ்வளவு செல்வாக்குக் குவிந்திருந்தது என்பதை உணர்வர். பேசத் தெரியாதவன் தன் சரக்கின் விலையைப் பிறர் வாயாலேயே கேட்டறிய வேண்டும், தரகும் தரவேண்டும்.

1795இல் ஆங்கிலேயர் கொச்சிக் கோட்டையைக் கைக்கொண்டனர். 1818இல் டாசன் பாதிரியார் மட்டாஞ்சேரியில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். கொச்சி நாட்டில் ஆங்கிலக் கல்வி அங்கிருந்தே தொடங்குகிறது. 1845இல் எர்ணாகுளத்தில் ஏற்பட்ட பள்ளியே பின்னர் மகாராஜாக் கல்லூரியாக வளர்ந்தது. காதால் கற்றதை ஏட்டால் கற்கும் வாய்ப்பு நம்மவர்க்கு இவ்வாறு கிட்டியது. 1857இல் கொச்சி வர்த்தக சபை தோன்றியது. 1920இல் வந்த பொறியாளர் பிரிஸ்டோவின் முயற்சியால் முகத்துவாரத்து மணல்திட்டு வெட்டப்பட்டு, 1928இல் கடற்கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. கப்பல் வரவு பெருகியது, காகிதமும் பெருகியது. குமாஸ்தா வேலைக்கு ஆங்கிலம் இன்றியமையாததாயிற்று.

அந்தக் குமாஸ்தாக்கள் கற்ற ஆங்கிலம் இலக்கிய ஆங்கிலமன்று. சொற்கள் சிலவே, ஆயினும் ஒவ்வொன்றும் பணமதிப்பு உடையது. 'க்ளீன்' என்றால் தூய்மை என்று பிள்ளைகளும் அறிவர். கப்பல் சரக்குச் சீட்டாகிய 'பில் ஆப் லேடிங்'கில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. சரக்கிலோ கட்டுமானத்திலோ குறை இருப்பதாகக் கப்பலார் ஏதும் குறிப்பு எழுதவில்லை என்பதே அதன் பொருள். 'மூட்டை கிழிந்துள்ளது' என்று ஒரு வரி ஏறிவிட்டால் வங்கி பணம் தர மறுக்கும். 'கொட்டேஷன்' என்பது பொதுவாக விலை தெரிவித்தல். 'பர்ம் ஆபர்' என்பதோ, மற்றவர் குறித்த காலத்தில் ஏற்றுக்கொண்டால் நம்மைக் கட்டுப்படுத்தும் வாக்கு. 'எப்.ஓ.பி.' விலையில் சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு விற்போனுடையது. 'சி.ஐ.எப்.' விலையில் இன்சூரன்சும் கப்பல் கூலியும் சேரும். ஆகவே சரக்கு போய்ச் சேரும் வரை விற்றவனே பொறுப்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. செலவு அவனுடையது, சரக்கு கப்பலில் ஏறிய பிறகு நேரும் ஆபத்தோ வாங்கியவனைச் சாரும்.

இத்தகைய பிழை ஏட்டளவில் நிற்பதில்லை. எனக்குத் தெரிந்த தமிழ் வணிகர் ஒருவர் மிளகாய் வற்றல் கொண்டுவந்து மட்டாஞ்சேரியில் விற்பவர். ஆங்கிலத்தில் தயக்கமின்றிப் பேசுவார். ஒருமுறை வரவேண்டிய தொகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு பெற்றுக்கொண்டு ரசீதில் கையொப்பமிட்டார். அதில் 'புல் அண்ட் பைனல் செட்டில்மென்ட்' என்று கண்டிருந்தது. 'செட்டில்மென்ட்' என்றால் பணப் பட்டுவாடாதானே என்று எண்ணிவிட்டார். மீதிக்குச் சென்றபோது அந்த ரசீதையே எடுத்துக் காட்டினர். முழுத் தீர்வு என ஒப்பியவர் பின்னர் பாக்கி கேட்பது எளிதன்று. அவர் என்னிடம் அக்காகிதத்தைக் கொண்டுவந்தார். நான் மூன்று சொற்களையும் தமிழில் சொன்னேன். 'இதை அன்றே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?' என்று மட்டும் கேட்டார்.

சொல்லைப் போலவே சொல்லும் முறையும் மொழிக்கு மொழி மாறும். நம் பழைய கடிதங்கள் 'உபய குசலோபரி' என்று நலம் கூறியபின்பே காரியத்திற்கு வரும். ஆங்கில வாணிபக் கடிதமோ முதல் வரியிலேயே காரியத்தைச் சொல்லி, மரியாதையை இறுதியில் வைக்கும். நாம் 'பார்க்கலாம்' என்றால் அது இசைவாகவும் இருக்கலாம், நயமான மறுப்பாகவும் இருக்கலாம். கேட்பவர் முகம் பார்த்து அறிவார். கடிதத்திற்கு முகம் இல்லை. அங்கே 'இயலும்', 'இயலாது', 'இன்ன நாளுக்குள் தெரிவிப்பேன்' என்றே எழுதவேண்டும்.

1957இல் மட்டாஞ்சேரியில் தோன்றிய மிளகு வாணிப மன்றத்தில் முன்பேர விலைகளைக் கூவியே வாங்கினர், விற்றனர். பின்னர் கணிப்பொறி வந்து அக்கூவலை ஒழித்தது. விரலிலிருந்து வாய்க்கும், வாயிலிருந்து காகிதத்திற்கும், காகிதத்திலிருந்து திரைக்கும் வாணிபம் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் தன் கையொப்பத்தின் பொருளைத் தானே அறிந்தவன் பிழைத்தான். அறியாதவன் இடையாளை நம்பினான்.

ஆகவே, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் ஆங்கிலத்தைப் பெருமைக்காகக் கற்க வேண்டுவதில்லை. அதற்கு அஞ்சவும் வேண்டுவதில்லை. ஒரு சிறு குறிப்பேடு போதும். தம் தொழிலில் அடிக்கடி வரும் சொற்றொடர்களை ஒருபுறமும், அவற்றின் சரியான தமிழ்ப் பொருளை எதிர்ப்புறமும் எழுதி வைத்தல் வேண்டும். பொருள் எழுத இயலாத தொடர் எதுவோ, அதன்கீழ்க் கையொப்பமிடாதிருத்தல் வேண்டும். தெரியாததைக் கேட்பதில் இழிவில்லை. அம்பழக்காட்டில் அச்சான அந்த அகராதியும், நம் மொழியில் ஒன்றும் அறியாது வந்த ஒருவர் நம்மவரிடம் கேட்டுக் கேட்டு எழுதியதே அன்றோ?